சிறிய அறையில் ட்ரம் அண்ட் பேஸ்: பணத்தை எதில் போடுவது, உறுமியை எங்கே வைப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் பெற்றோர் வீட்டின் ஓர் அறையில், ஒரு மடிக்கணினியையும் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளையும் வைத்துக்கொண்டு ட்ரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு இசையைச் செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். சேர்த்து வைத்த பணத்தில் பழைய அகாய் சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிவுசெய்து மாற்றி ஒலிக்கும் கருவி) வாங்குவதா, நல்ல மானிட்டர் ஸ்பீக்கர்கள் வாங்குவதா என்பது முதற்கேள்வி. தம் அறையில் மெலிந்து கேட்கும் பேஸ், அதாவது தாழ்சுர ஒலி, அண்ணனுடைய காரில் மட்டும் கண்ணாடி அதிரும்படி இடிப்பது ஏன் என்பது இரண்டாவது. தைப்பூசக் காவடியின்போது பதிவுசெய்த உறுமி, பாட்டில் சேர்த்தவுடன் அந்நியமாக விலகி நிற்பது ஏன் என்பது மூன்றாவது. 40 ஹெர்ட்ஸ் முதல் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய பரப்பில் எந்த ஒலி எந்தக் கணத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு முடிவுசெய்யும் வசதி அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. மூன்று கேள்விகளும் அங்கிருந்தே பிறக்கின்றன என்பதால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

சாம்ப்ளர் வேண்டாம் என்பது என் முடிவு. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜங்கிள் என்றும் பின்னர் ட்ரம் அண்ட் பேஸ் என்றும் அறியப்பட்ட இந்த இசை, அகாய் எஸ்950, எஸ்1000 போன்ற சாம்ப்ளர்களையும் மிடி என்ற இணைப்பு முறை வழியாக அவற்றை இயக்கிய அட்டாரி எஸ்டி கணினியையும் நம்பித்தான் வளர்ந்தது. எஸ்950 12 பிட் கருவி. எஸ்1000 16 பிட் கருவி. நினைவகம் மிகக் குறைவாக இருந்ததால், ஒலியைத் தாழ்ந்த தரத்தில் பதிவுசெய்து இடத்தை மிச்சப்படுத்தினார்கள். அதனால் வந்த சொரசொரப்பே பிறகு இந்த இசையின் குணமாக ஏற்கப்பட்டுவிட்டது. அந்தச் சொரசொரப்பை இன்று மடிக்கணினியிலேயே, பிட் எண்ணிக்கையைக் குறைக்கும் ஒரு செருகுநிரலால் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரலால்) பெரும்பாலும் பெற்றுவிடலாம். மேலும், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கருவியின் ஃப்ளாப்பி இயக்கியும் திருகு குமிழ்களும் டர்பனின் கடற்காற்றில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும், பழுதானால் யார் சரிசெய்வார் என்பதையும் முன்னரே யோசிக்க வேண்டும். கருவி குறைவாக இருப்பது தடையல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது: டர்பனின் கறுப்பின இளைஞர்கள் எளிய கணினிகளையும் இதே எஃப்எல் ஸ்டுடியோவையும் வைத்து வீட்டறைகளில் உருவாக்கிய கோம் இசை உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

சாம்ப்ளர் வேண்டாம் என்றாலும், அதைக் கொண்டு அன்று செய்த வேலையைக் கற்றே தீர வேண்டும். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் மறுபக்கப் பாடல் ஒன்றில், கிரெகரி கோல்மன் நான்கு ஆவர்த்தனங்கள் தனியாக வாசித்த ட்ரம், ஆமென் பிரேக் என்ற பெயரில் இந்த இசைக்கே அடித்தளமாயிற்று. ஏறத்தாழ ஏழு வினாடிகள் மட்டுமே நீளும் அதன் வேகம் நிமிடத்துக்கு 137 அடிகளை ஒட்டியது. ட்ரம் அண்ட் பேஸின் வழக்கமான வேகம் 170-க்கும் 180-க்கும் இடையில், பெரும்பாலும் 174. இசைத்தட்டை வேகமாகச் சுற்றுவதுபோல அந்தப் பிரேக்கை 174-க்கு உயர்த்தினால் சுருதியும் நான்கு அரைச்சுரங்களுக்குச் சற்று மேல் ஏறிவிடும். சுள்ளென்று வெடிக்கும் ஸ்நேர் ட்ரம் இறுகிக் கூர்மையாகும். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக் தன் அடிவயிற்றை இழக்கும். பலரும் இதைக் குறையென்று கருதி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் நீட்டிச் சுருக்கும் வசதியை உடனே இயக்குகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடிகளின் தொடக்க முனை மழுங்கிப்போவதுதான் அதன் பலன். பிரேக்கை ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் வெட்டித் தனித்தனித் துண்டுகளாக்கி, 174-இன் கட்டங்களில் நீங்களே அடுக்குங்கள். எந்தத் துண்டு எவ்வளவு ஏற வேண்டும் என்பதும் உங்கள் கையில் இருக்கும். இவ்வாறு வெட்டும்போது மெல்லிய அடிகளை வீசிவிடாதீர்கள். கோல்மன் இரண்டு உரத்த ஸ்நேர் அடிகளுக்கு இடையே காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்த சிற்றடிகளாலும், பின்பாதியில் ஸ்நேர் எதிர்பார்த்த இடத்திலிருந்து நழுவுவதாலும்தான் அந்தப் பிரேக் இத்தனை ஆண்டுகளாகச் சலிக்காமல் இருக்கிறது.

இன்றைய வழக்கம் வெட்டிய பிரேக்கையும் தனித்தனி ட்ரம் ஒலிகளையும் கலப்பது. பதினாறு கட்டங்கள் கொண்ட ஓர் ஆவர்த்தனத்தில் 1, 11 ஆகிய கட்டங்களில் கிக்கும், 5, 13 ஆகிய கட்டங்களில் ஸ்நேரும் சுத்தமான தனி ஒலிகளாக வைக்கப்படுகின்றன. அவற்றின் மேல், 120 அல்லது 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே முற்றிலும் வெட்டப்பட்ட பிரேக் ஓடுகிறது. எடையைத் தனி ஒலிகள் தாங்க, அசைவைப் பிரேக் தருகிறது. ஸ்நேரின் உடல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதன் மேல் வெடிப்புக்கு ஒன்றும் வால்பகுதியின் இரைச்சலுக்கு ஒன்றுமாக இரண்டு அடுக்குகள் போதும். இப்படி அடுக்கும்போது அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எல்லா அடுக்குகளும் ஒரே திசையில் எழுகின்றனவா என்று சோதியுங்கள். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் புறப்பட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்; எத்தனை ஒலி சேர்த்தாலும் ஸ்நேர் மெலிந்துகொண்டே போகும். பின்னர் எல்லா ட்ரம்களையும் ஒரே வழியில், அதாவது ஒரே ஒலிப்பாதையில் திருப்பி, அதன் நகல் ஒன்றை உரப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரால் கடுமையாக நசுக்கி, அசலுக்கு அடியில் மெல்லக் கலப்பது சிற்றடிகளை மேலே கொண்டுவரும். அசலையே நசுக்கினால் முனை போய்விடும்.

இனி அறைக்கு வருவோம். சாட்ஸ்வொர்த் வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் கட்டியான கல் சுவர்கள். மெல்லிய பலகைச் சுவர் பேஸின் ஒரு பகுதியைத் தன் வழியே வெளியே விட்டுவிடும், கல் சுவரோ அதைத் திருப்பி அறைக்குள்ளேயே அனுப்பும். ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.5 மீட்டர் இருந்தால், 343-ஐ அதன் இருமடங்கான 7-ஆல் வகுக்க வரும் 49 ஹெர்ட்ஸில் அந்த அறை தானே ஒத்ததிரும். 49 ஹெர்ட்ஸ் என்பது மேலைச் சுர வரிசையின் தாழ்ந்த ஜி; ட்ரம் அண்ட் பேஸில் மிக அதிகமாகப் புழங்கும் அடிச்சுரங்களில் ஒன்று. இந்த ஒத்ததிர்வு சுவரோரத்தில் உச்சத்தையும் அறையின் நட்ட நடுவில் வெறுமையையும் உண்டாக்கும். நீங்கள் அறையின் நடுவில் அமர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால், அந்தச் சுரம் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். காரின் மூடிய சிறு கூடோ தாழ்ந்த அதிர்வெண்களைத் தன் பங்குக்கும் உயர்த்திக் கொடுக்கும். அண்ணனுடைய காரில் கேட்கும் இடிதான் உண்மைக்கு அருகில் இருப்பது. உங்கள் நாற்காலியில் கேட்டது பொய்.

சுவரில் முட்டை அட்டைகளையும் மெல்லிய பஞ்சுத் தகடுகளையும் ஒட்டுவது இதற்கு மருந்தாகாது. 49 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். இரண்டு அங்குலப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பதினைந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தடித்த கனிமக் கம்பளியைத் துணியில் சுற்றி, சுவரிலிருந்து இடைவெளி விட்டு மூலைகளில் நிறுத்தினால் ஓரளவு பலன் உண்டு. அதைவிடச் செலவில்லாத வழி இடம் மாறி உட்காருவது: ஸ்பீக்கர்கள் அறையின் நீளவாட்டில் ஒலிக்கும்படி வைத்து, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு தொலைவில் அமர்ந்து பாருங்கள். இது விதியன்று; தேடலைத் தொடங்க ஏற்ற புள்ளி. ஸ்பீக்கரையே பார்த்தாலும் சிக்கல் உண்டு. சிறிய மானிட்டர் ஸ்பீக்கரான யமஹா எச்எஸ்5 நேர்மையான கருவிதான். ஆனால் அதன் நிறுவனம் தரும் அளவுப்படி அது 54 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். எஃப் சுரத்தில், அதாவது 43.7 ஹெர்ட்ஸில் நீங்கள் எழுதும் பேஸை அது உங்களுக்குக் காட்டவே காட்டாது. அதைவிடப் பெரிய எச்எஸ்8 38 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், ஆனால் அந்த அறையில் அது ஒத்ததிர்வைத் தூண்டிவிடும். பொதுச் சுவருக்கு அப்பால் குடியிருக்கும் அண்டை வீட்டாரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் நிலையில் முதற்செலவு ஒரு நல்ல ஹெட்ஃபோனும் ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும், இரண்டு உள்வாயில்கள் கொண்ட எளிய ஆடியோ இன்டர்ஃபேஸும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 80 ஓம் வகை, ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் ஆகிய இரண்டும் காதை மூடும் வகை, தாழ்ந்த சுரங்களைத் தெளிவாகக் காட்டுபவை, சாதாரண இன்டர்ஃபேஸாலேயே இயங்குபவை. மின்வெட்டு வந்தாலும் மடிக்கணினியின் மின்கலத்தில் வேலை தொடரும் என்பது உபரி இலாபம். ஸ்பீக்கர் பிறகு வரட்டும்.

ஹெட்ஃபோன் வந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, கிக்குக்கும் பேஸுக்கும் எல்லை பிரிப்பது. அடிச்சுரத்தை எஃப், எஃப் ஷார்ப், ஜி ஆகியவற்றில் வைத்தால் சப், அதாவது பேஸின் மிகத் தாழ்ந்த அடிப்பகுதி, 43 முதல் 49 ஹெர்ட்ஸுக்குள் அமையும். பெரிய அரங்க ஸ்பீக்கர்கள் அந்தப் பரப்பில் நிறைவாக ஒலிக்கும். டி-க்கு இறங்கினால் 36.7 ஹெர்ட்ஸ், பல இடங்களில் அது காற்றாகவே போய்விடும். சப் மேற்சுரம் கலக்காத தூய சைன் அலையாக, இடம் வலம் பிரியாமல் நடுவில் மட்டும் இருக்கட்டும். கிக்கின் எடையை அதற்கு மேலே, 90 முதல் 110 ஹெர்ட்ஸை ஒட்டி அமையுங்கள். காலத்தையும் பிரிக்க வேண்டும். 174 வேகத்தில் ஓர் அடி 345 மில்லி வினாடி. பதினாறில் ஒரு கட்டம் 86 மில்லி வினாடி. கிக்கின் வாலை அந்த ஒரு கட்டத்துக்குள் முடித்துவிட்டு, அதே அளவு நேரத்துக்குச் சப்பின் ஒலியளவைத் தாழ்த்துங்கள். கிக்கைக் கேட்டுப் பேஸை அமுக்கும் கம்ப்ரஸரை எல்லாரும் சொல்வார்கள். இந்த வேகத்தில், ஒலியளவை வளைகோடாகவே வரைந்துவிடும் செருகுநிரல் அதைவிடத் துல்லியமானது என்பது என் அனுபவம். கைப்பேசியில் சப் கேட்காதே என்ற கவலைக்கு விடை, சப்பில் சிறிதளவு சாச்சுரேஷன், அதாவது மேற்சுரங்களை உண்டாக்கும் மெல்லிய சிதைவு, சேர்ப்பது. 44 ஹெர்ட்ஸைச் சிறிய ஸ்பீக்கர் தராவிட்டாலும், 88-உம் 132-உம் கேட்டால் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும்.

சப்புக்கு மேலே உறுமிக்கொண்டு அலையும் நடுப்பேஸுக்கு ரீஸ் என்று பெயர். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-இல் ரீஸ் என்ற புனைபெயரில் காசியோ சிஇசட்-5000 கருவியில் உருவாக்கிய ஒலி அது. சில ஆண்டுகளில் இலண்டன்காரர்கள் அதைச் சாம்ப்ளரில் ஏற்றித் தமதாக்கிக்கொண்டார்கள். இலவசமாகவே கிடைக்கும் வைட்டல் சின்தசைசரில் இரண்டு ரம்ப அலைகளை எடுத்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து சற்றே சுருதி விலக்குங்கள். 100 ஹெர்ட்ஸும் 101 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் வினாடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து அடங்கும். ரீஸின் மூச்சு அதுதான். அதே காரணத்தால் ரீஸின் அடிப்பகுதி நிலையில்லாமல் மறைந்து மறைந்து வரும். எனவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதை வெட்டிவிட்டு அங்கே சைன் சப்பை வையுங்கள். பின்னர் ஒலியை உருமாற்றும் டிஸ்டார்ஷன், ஃபில்டர், ஃபேஸர் ஆகியவற்றில் ஓட்டி, அசைவுகளோடு ஆடியோவாகப் பதிவுசெய்து, அந்தப் பதிவை வெட்டி மீண்டும் எஃப்எல் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும் சாம்ப்ளரில் ஏற்றி, இன்னொரு முறை ஓட்டுங்கள். ட்ரம் அண்ட் பேஸின் ஒரு கிளையான நியூரோஃபங்க் வகையில் கேட்கும் விசித்திரமான பேஸ்கள் பெரும்பாலும் இந்த மறுபதிவின் மூன்றாம் நான்காம் சுற்றில் பிறந்தவை. விலையுயர்ந்த சின்தசைசரை வாங்குவதைவிட, பதிவுசெய்தவற்றை ஒழுங்காகப் பெயரிட்டுச் சேமிக்கும் பழக்கம் இங்கே அதிகம் உதவும்.

உறுமி ஏன் ஒட்டவில்லை என்பதற்கு முதற்காரணம் தாளம். காவடி அடிகளில் பல திஸ்ர நடையில், மும்மூன்றாகச் செல்பவை. ட்ரம் அண்ட் பேஸ் நான்கு நான்காகச் செல்லும் சதுஸ்ரம். திஸ்ரத்தை இழுத்து நான்கின் கட்டங்களில் திணித்தால் உறுமியின் துள்ளல் செத்துவிடும். கணக்கைப் பாருங்கள்: 174 வேகத்தில் அரையடிகள் நிமிடத்துக்கு 348. அவற்றை மும்மூன்றாகச் சேர்த்தால் நிமிடத்துக்கு 116 திஸ்ர அடிகள் கிடைக்கின்றன. ஆகவே 116 வேகத்தில் வாசித்த திஸ்ர உறுமி, ஒரு சிற்றடியும் இடம் மாறாமல் 174-இன் அரையடிகளில் உட்கார்ந்துவிடும். ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அரையடி; மூன்று ஆவர்த்தனங்களுக்கு இருபத்துநான்கு; அதாவது எட்டுத் திஸ்ர அடிகளில் இரண்டு தாளங்களும் ஒரே இடத்தில் வந்து சேரும். நான்கு ஆவர்த்தனப் பகுதிக்கு 32 அரையடி என்பதால், பத்துத் திஸ்ரம் போக இரண்டு மிஞ்சும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இரண்டை என்ன செய்வதென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ட்ரம்கள் மேற்காலத்தில் ஓட, பேஸ் 87-இல் கீழ்க்காலத்தில் நடக்க, உறுமி 116-இல் இடையே செல்லும்.

இரண்டாவது காரணம் பதிவு. ஊர்வலத்தின் நடுவே எடுத்த பதிவில் கூட்டமும் ஒலிபெருக்கியும் தெருவின் எதிரொலியும் கலந்திருக்கும். அதிலிருந்து உறுமியை மட்டும் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அதைப் பாட்டின் தொடக்கத்தில் சூழலாக மட்டும் வையுங்கள். வாசிப்பவர்களிடம் முறையாக அனுமதி கேட்டு, பூசையெல்லாம் முடிந்த ஒரு நாளில், திரைச்சீலைகளும் மெத்தையும் உள்ள ஓர் அறையில் தனியாகப் பதிவுசெய்யுங்கள். கையடக்கப் பதிவுக்கருவியை 24 பிட்டில் வைத்து, உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைத் தாழ்த்தி, தாழ்சுரங்களை வெட்டும் பொத்தானை அணைத்துவிடுங்கள். கருவிக்கும் உறுமிக்கும் இடையே ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கட்டும். வாசிப்பவர் ஒரு காதில் 116 வேகத் தாளத்தைக் கேட்டபடி வாசிக்கட்டும். தனியடிகளைப் பலவித அழுத்தங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் நீண்ட உறுமலையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் காலத்து டர்பன் ஈரப்பதத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வாசிப்பவர்கள் அனலில் காட்டி இறுக்குவார்கள். அப்படி இறுக்கியவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நல்லது.

அந்தத் தேய்ப்பொலிதான் உங்கள் கையில் இருக்கும் பொன். அதைச் சாம்ப்ளரில் ஏற்றி, பன்னிரண்டு அரைச்சுரம் இறக்கி, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அடியில் அதே வளைவைப் பின்பற்றும் சைன் சப்பை வைத்தால், ரீஸ் செய்யும் வேலையை உறுமியே செய்யும். நீங்கள் இதுவரை உறுமியைப் பிரேக்கின் மேல் இன்னொரு ட்ரம்மாக வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஸ்நேரும் சிற்றடிகளும் ஏற்கெனவே நிறைந்த இடத்தில் அதற்கு இடமே இருந்திருக்காது. பேஸாக வைத்தால் எதிரே ரீஸ் இருக்காது. ரீஸ் வேண்டுமென்றால் ஒன்றுக்கு எட்டு ஆவர்த்தனம், மற்றதற்கு எட்டு என்று முறைவைத்துக் கொடுங்கள்.

வாசித்தவர்களின் பங்கை முதல் நாளிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆமென் பிரேக் ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒலித்தும் கோல்மனுக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை. அவர் 2006-இல் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் இரசிகர்கள் திரட்டிக் கொடுத்த 24,000 பவுண்டுதான் காலம் கடந்து வந்த கைம்மாறு. பாடலைச் சாம்ரோ என்ற தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பில் பதிவுசெய்யும்போது, உருவாக்கத்தில் பங்குள்ள உறுமிக் கலைஞர்களின் பெயரும் விகிதமும் அதில் இருக்கட்டும்.

கலவையை முடிக்கும்போது எல்லா ஒலிகளும் சேரும் மாஸ்டர் வழியில், உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டர் எதையும் போடாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபலை ஒட்டி நிற்கும்படி விடுங்கள். வெளியான பாடல்கள் மிக உரத்து இருப்பதைப் பார்த்து நீங்களும் தொடக்கத்திலேயே நசுக்க முனைவீர்கள். அந்த உரப்பு பெரும்பாலும் ஸ்நேரையும் ட்ரம் வழியையும் படிப்படியாகக் கிளிப்பர் என்ற, உச்சங்களை வெட்டும் செருகுநிரலால் முனை தட்டியதால் வருவது, கடைசியில் ஒரே கருவியால் வருவதன்று. நீங்கள் மதிக்கும் பாடல் ஒன்றை அதே கோப்பில் ஏற்றி, உங்கள் கலவையின் அளவுக்கு அதன் ஒலியைத் தாழ்த்தி, சப்பை மட்டும், பின் ஸ்நேரை மட்டும் ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒருமுறை மோனோவிலும் ஒருமுறை கைப்பேசியிலும் கேட்டபின், கடைசியாக அண்ணனுடைய காரில் கேட்டுப் பாருங்கள். அங்கே ஜி மட்டும் துருத்தினால் சப்பில் அந்த ஒரு சுரத்தின் ஒலியளவை இரண்டு டெசிபல் குறைத்துவிட்டு, 24 பிட் வேவ் கோப்பாக எழுதிவிடுங்கள்.